‘ஒரு மாதிரி இருக்குதுங்க’

1. டம்ளர் பறந்த காலை

காலை பத்தரை மணி டீ கொடுத்துக்கொண்டிருந்த நேரம். ஏழாம் நம்பர் பெட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர் ஒன்று பறந்து வந்து சுவரில் மோதியது. டீ ஊற்றிக்கொண்டிருந்த ஆயாம்மா கேனைப் போட்டுவிட்டு ஓடினார். நான் எழுந்து போவதற்குள் மயில்சாமி வார்டின் கம்பிக் கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"கதவத் தெறந்து உடுங்க சிஸ்டர். ஒரே ஒரு கட்டிங் போட்டுட்டு வந்தர்றேனுங்க. உங்க காலுல உழுகறேனுங்க."

கேட்டே பெயர்ந்துவிடும் போல உலுக்கினார். அப்போதும் அந்த மனிதர் வாயில் ‘ங்க’ மட்டும் விட்டுப்போகவில்லை. அந்த ‘ங்க’தான் எங்களை இரண்டு முறை ஏமாற்றியது என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது.

என் பெயர் ஸ்டெல்லா. பெரியநாயக்கன்பாளையம் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் குடி மறுவாழ்வு வார்டில் பத்தொன்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்தேன். கடைசி எட்டு வருடம் வார்டு இன்சார்ஜ். ரிட்டையர் ஆகி ஒரு வருடம் முடிந்துவிட்டது. புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் பெண்கள், "உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க சிஸ்டர்" என்கிறார்கள். எழுதுகிறேன். ஆனால் சர்க்கரை தடவி எழுத எனக்கு வராது. நினைத்தால் இன்றைக்கும் கோபம்தான் வருகிறது.

மயில்சாமிக்கு நாற்பத்திரண்டு வயது. பம்ப் பாகங்கள் வார்க்கும் ஃபவுண்டரி ஒன்றில் மணல் அச்சு செய்து உலோகம் ஊற்றும் மோல்டர். அங்கே இருபது வருட சர்வீஸ். எங்களிடம் அது மூன்றாவது அட்மிஷன். எங்கள் பெரிய டாக்டர் ஒரு விதி வைத்திருந்தார். மூன்றாவது முறையும் கோர்ஸை முடிக்காமல் கலாட்டா செய்தால் டிஸ்சார்ஜ். அதற்குப் பிறகு இந்த வார்டில் இடம் கிடையாது. கோர்ஸ் முடித்த சர்டிஃபிகேட் இல்லாமல் வந்தால் வேலை இல்லை என்று ஃபவுண்டரியிலும் சொல்லிவிட்டார்கள். லிவர் ரிப்போர்ட்டோ இனியும் குடித்தால் ஒரு வருடம்கூடத் தாங்காது என்கிற நிலைமை. ஆக, அந்தக் கேட்டுக்கு வெளியே அவருக்கு இருந்தது ஒயின்ஷாப், அதற்குப் பிறகு சுடுகாடு. இரண்டுக்கும் நடுவே வேறு எதுவும் இல்லை.

டியூட்டி டாக்டர் ஃபோனிலேயே சொல்லிவிட்டார். "கிரேவிங் சிஸ்டர். ஊசியப் போட்டுப் படுக்க வைங்க. பெரிய டாக்டர் நாளைக்கு ரவுண்ட்ஸ்ல டிஸ்சார்ஜ் எழுதிருவாரு." கிரேவிங் என்றால் குடிவெறி.

குடியை நிறுத்தியதும் வரும் கை நடுக்கம், வியர்வை, உளறல் எல்லாம் அவருக்கு ஐந்தாம் நாளே அடங்கிவிட்டது. இது எட்டாம் நாள். முந்தின நாள் மாலை வரை சாதுவாகப் படுத்திருந்தவர். நான் மருந்தை சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டு அட்டெண்டர்கள் பிடித்துப் படுக்க வைத்தார்கள். இடுப்பில் ஊசி போட லுங்கியைத் தளர்த்தியபோது என் புறங்கை அவர் அடிவயிற்றில் பட்டது. கல் மாதிரி இருந்தது. விரலால் தட்டிப் பார்த்தேன். தொப்புள் வரை நிரம்பியிருந்தது.

"மயில்சாமி, கடைசியா எப்ப ஒன்னுக்குப் போனீங்க?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "நேத்துப் பொழுதோட போனனோ என்னமோ தெரியலீங்க."

சிரிஞ்சை ட்ரேயில் வைத்தேன். வெந்நீர்ப் பையை அடிவயிற்றில் வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து பாத்ரூமுக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். குழாயைத் திறந்து தண்ணீர்ச் சத்தம் கேட்க விடுங்கள் என்றேன். எந்த நர்ஸுக்கும் தெரிந்த வைத்தியம்தான். அளவு ஜக்கில் எண்ணூறு மில்லிக்கு மேல் வந்தது.

மயில்சாமி வெளியே வந்தார். தோள் இறங்கியிருந்தது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "இப்ப வேண்டாமுங்க சிஸ்டர்" என்றார்.

"எது வேண்டாம்?"

"கட்டிங்குதானுங்க."

அட்டெண்டர்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு நிமிடம்தான். அதற்குள் ஆத்திரம் பொங்கியது. மூத்திரம் முட்டி நின்ற ஒரு மனிதனை, குடிவெறி என்று எழுதி, மயக்க ஊசி போட்டு, நாளை தெருவில் விடப் பார்த்தோம். என் புறங்கை படாமல் போயிருந்தால் விட்டிருப்போம்.

2. மணியைக் கேட்டு வந்த பசி

மத்தியானம் சாப்பாட்டு வண்டி வந்தது. நான் அவர் பெட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"பசிக்குதுங்களா?"

மயில்சாமி கழுத்தைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஒன்னாச்சுங்களே. பசிக்கும்ங்க."

வேறு யாராக இருந்தாலும் இதில் என்ன இருக்கிறது என்று போயிருப்பார்கள். அன்றைக்குக் காலையில் நடந்தது இல்லாவிட்டால் நானும் போயிருப்பேன். பசிக்கிறதா என்று கேட்டால் மனிதன் வயிற்றைத்தானே கேட்பான்? இவர் சுவரைக் கேட்கிறார்.

ஞாபகக் கோளாறோ என்று சந்தேகம் வந்தது. குடிக்கிறவர்களுக்கு அதுவும் உண்டு. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றேன். மூன்று இட்லி என்றார். சட்னியில் உப்பு கூட என்றார். பக்கத்துப் பெட்காரர் தன் இட்லியில் ஒன்றை மிச்சம் வைத்ததையும் சொன்னார். எல்லாம் சரி. தின்றது ஞாபகம் இருக்கிறது. வயிறு நிறைந்ததா என்பதுதான் தெரியவில்லை.

"வேலையில இருக்கறப்ப எப்படி மயில்சாமி? தாகம், ஒன்னுக்கு இதெல்லாம்?"

"ஃபர்னஸ் வாயத் தெறந்து டேப் பண்ணிப் போட்டாங்கன்னா லேடில் வாளில உருகுன மெட்டல் கொதிச்சுட்டு நிக்குமுங்க. அதக் கொண்டுட்டுப் போயி அச்சுல வரிசையா ஊத்தோணும். நடுவுல ஒன்னுக்குப் போறேன்னு சொல்ல முடியுங்களா? மெட்டல் ஆறிப்போச்சுன்னா அத்தனையும் ரிஜெக்ட். புதுசுல கஷ்டமா இருந்துச்சுங்க. அப்புறம் பழகிப்போச்சு. ரெண்டு மூணு வருசத்துல வாரதே தெரியாதுங்க."

பெருமையாகச் சொன்னார். நல்ல மோல்டர் என்று பேர் வாங்கியதே அதனால்தானாம்.

"அப்ப என்னதான் தெரியும்?"

"ஒரு மாதிரி இருக்கும்ங்க. நெஞ்சுக்குள்ள, வயித்துக்குள்ள, எங்கன்னு சொல்லத் தெரியல. ஒரு மாதிரி. ஷிஃப்ட் முடிஞ்சு ஒரு கட்டிங் உட்டா அடங்கிப்போயிரும்ங்க."

தாகமும் ‘ஒரு மாதிரி’. பசியும் ‘ஒரு மாதிரி’. தூக்கமின்மை, முதுகு வலி, பயம், வீட்டுச் சண்டை எல்லாமே ‘ஒரு மாதிரி’. அத்தனைக்கும் ஒரே மருந்து. பத்தொன்பது வருடத்தில் இந்த வார்த்தையை ஆயிரம் வாய்களிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒரு முறைகூட, "எந்த மாதிரி?" என்று திருப்பிக் கேட்டதில்லை.

எங்கள் வார்டில் கவுன்சலராக அகிலா என்று ஒரு பெண் இருந்தாள். பீளமேட்டில் ஒரு காலேஜில் சைக்காலஜி படித்துவிட்டு வந்தவள். அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கண்கள் பெரிதாயின.

"சிஸ்டர், இதயம், வயிறு, மூத்திரப்பை எல்லாம் மூளைக்குச் சேதி அனுப்பிக்கிட்டே இருக்குமுங்க. மூளையில உள்ள மடிஞ்சு கிடக்கற இன்சுலாங்கற எடம் அதப் படிச்சு, இது பசி, இது தாகம், இது பயம்னு பிரிச்சுச் சொல்லோணும். வருசக்கணக்காக் குடிக்கறவங்கள்ல நெறைய பேருக்கு இந்தப் படிப்பு மங்கிப்போகுது. எந்தச் சேதி வந்தாலும் ஒரு கட்டிங் உட்டா அடங்குதுன்னு மூளை பழகிக்குது. அப்புறம் எந்தச் சேதி வந்தாலும் ‘குடி’ன்னுதான் அதுக்குக் கேக்கும்."

"எல்லாருக்கும் இப்படித்தானா?"

"இல்லீங்க. ஆளுக்கு ஆள் மாறும். ஆராய்ச்சி பண்றவங்களே இன்னும் பேசிட்டுத்தான் இருக்காங்க. ஆனா இவரு விசயத்துல நீங்களே பாத்துட்டீங்களே."

அவள் ஒரு சின்னப் பரிசோதனை செய்தாள். நாடியைத் தொடாமல், கண்ணை மூடி, உள்ளே இதயம் துடிப்பதை மட்டும் கவனித்து ஒரு நிமிடம் எண்ணச் சொன்னாள். நான் ஸ்டெதாஸ்கோப் வைத்து எண்ணினேன். என் எண்ணிக்கையில் எண்பத்தெட்டு. மயில்சாமி முப்பத்தொன்று என்றார். அதுவும் குத்துமதிப்பாகச் சொன்னதாம். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

இது ஒன்றும் பெரிய டெஸ்ட் இல்லை, ஒரு அடையாளத்துக்குத்தான் என்று அகிலா சொன்னாள். விளையாட்டாக எனக்கும் வைத்தாள். எனக்குப் பாதிதான் வந்தது. ஒரு ஷிஃப்ட் முழுக்க பாத்ரூம் போகாமல் நின்றேன் என்று பெருமை பேசும் கூட்டம்தானே நாங்களும்! நான் குடிக்கவில்லை; அதனால் என்னை யாரும் கேட்டுக்குள் வைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

3. என் கையெழுத்து

அன்று மாலை டியூட்டி முடிந்ததும் ரெக்கார்டு ரூமுக்குப் போய் மயில்சாமியின் பழைய ஃபைல்கள் இரண்டையும் எடுத்தேன்.

கொங்கு நாட்டு வார்டில் காலை ரவுண்ட்ஸ் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். "நல்லா இருக்கீங்களா?" "நல்லா இருக்கேனுங்க." "சாப்ட்டீங்களா?" "ஆச்சுங்க." "தூங்கினீங்களா?" "நல்லாத் தூங்கினேனுங்க." நடுமுதுகில் கத்தி சொருகியிருந்தாலும் பெரியவர்கள் கேட்கும்போது நல்லா இருக்கேன் என்று சொல்வதுதான் இங்கே மரியாதை. கேட்பவருக்கும் அது சௌகரியம். அரை நிமிடத்தில் அடுத்த பெட்டுக்குப் போய்விடலாம்.

இரண்டு ஃபைலிலும் ‘கம்ப்ளெயின்ட்ஸ்’ என்ற கட்டத்தில் நாள் தவறாமல் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதியிருந்தது. பாதிக்கு மேல் என் கையெழுத்து. இரண்டாவது அட்மிஷனின் பதினோராம் நாளில் மட்டும் வேறு ஒரு வரி. ‘ஒரு மாதிரி இருக்கிறது என்கிறார். கிரேவிங்.’ அதுவும் என் கையெழுத்துதான். அதே பக்கத்தில், நானே குறித்த சாப்பாட்டு சார்ட்டில், அன்று அவர் காலையும் மதியமும் எதுவும் சாப்பிடவில்லை. இரண்டு கட்டத்துக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளிகூட இல்லை. எனக்குக் கண் இருந்தது, பார்வை இல்லை. மறுநாள் அவர் சுவர் ஏறிக் குதித்து ஓடியிருந்தார். அதற்குக் கீழே பெரிய டாக்டர் சிவப்பு மையில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

பசியோடு இருந்த மனிதருக்கு நான் குடிவெறி என்று பெயர் வைத்தேன். அவர் அதை நம்பினார். நம்பிப் போய்க் குடித்தார். வீட்டுக்குப் போய் அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பாத்திரங்களை உருட்டினேன்.

4. கடிகாரத்தைக் கழற்றினேன்

மறுநாள் பதினோரு மணிக்கு ரவுண்ட்ஸ். மயில்சாமியின் மனைவி சாந்தாமணியை வரச் சொல்லியிருந்தார்கள். பம்ப் கம்பெனியில் மோட்டார் வைண்டிங் செய்கிற பெண். செம்புக் கம்பி இழுத்து இழுத்து விரல் நுனியெல்லாம் கீறல். அரை நாள் லீவு போட்டு, துணிப்பையோடு வந்து நின்றிருந்தார். அந்தப் பை கணவனின் துணிகளை எடுத்துப் போக.

பெரிய டாக்டர் ஃபைலைத் திறக்காமலே பேசினார். "இது வியாதி இல்லம்மா, கொழுப்பு. மூணு சான்ஸ் குடுத்தாச்சு. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. கூட்டிட்டுப் போங்க."

"ஆமாங்க. சரிங்க" என்றார் சாந்தாமணி. அவர் கை மட்டும் பையை முறுக்கிக்கொண்டிருந்தது.

நான் நேற்று நடந்ததைச் சொன்னேன். அளவு ஜக், எண்ணூறு மில்லி, எல்லாவற்றையும். டாக்டர் உடன் வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சிஸ்டர், ஒன்னுக்குப் போனாக் குடிவெறி போயிருமா? அப்ப இந்த வார்டு எதுக்கு? நாலு பாத்ரூம் கட்டினாப் போதுமே."

எல்லோரும் சிரித்தார்கள். மயில்சாமியும் மரியாதைக்குச் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன். ஐம்பத்தெட்டு வயதில் சேலையோடு ஸ்டூல் மேல் நிற்கிற இன்சார்ஜ் சிஸ்டரை அந்த வார்டு அதற்கு முன் பார்த்ததில்லை. கடிகாரத்தைத் திருப்பி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"மயில்சாமி, இப்பச் சொல்லுங்க. உங்களுக்குப் பசிக்குதா?"

அவர் சுவரைப் பார்த்தார். ஆணி மட்டும் இருந்தது. ஜன்னலைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். காலையில் தன் உப்புமாவைப் பக்கத்துப் பெட்காரருக்குத் தள்ளிவிட்டிருந்தார். முந்தின நாள் இரவுக்குப் பிறகு வயிற்றில் ஒரு பருக்கை இல்லை. அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை.

"தெரியலீங்க சிஸ்டர்" என்றார். "நெசமாலுமே தெரியலீங்க."

சாந்தாமணி கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"ஊட்டுலயும் கேப்பாருங்க" என்றார். "‘ஏனம்மணி, எனக்குப் பசிக்குதா?’ன்னு எங்கிட்ட வந்து கேப்பாருங்க. நான் கிண்டல் பண்றாருன்னு நெனச்சு, எம்பொழப்பப் பாத்தா உங்களுக்கு நக்கலா இருக்குதான்னு சண்டைக்குப் போவேனுங்க. அந்தச் சண்டையிலதான் எந்திரிச்சு கடைக்குப் போவாருங்க. போதையில்லாதப்பவும் கேட்டிருக்காருங்க டாக்டர். எத்தனையோ வாட்டி கேட்டிருக்காருங்க. ஒரு வாட்டிகூட நான் பதில் சொல்லலீங்களே!"

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பெரிய டாக்டர் பேனாவை மூடினார். "சரி. இன்னும் மூணு வாரம். உங்க ரிஸ்க் சிஸ்டர். ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார்.

"சொல்றேன் சார்" என்றேன். அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார். மயில்சாமியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

5. என்ன செய்தோம்

செய்தது சின்ன வேலைதான். ஒரு தாள் அடித்தோம். எந்தப் பேஷண்ட் "குடிக்கணும் போல இருக்கு" என்றாலும், "ஒரு மாதிரி இருக்கு" என்றாலும், கிரேவிங் என்று எழுதுவதற்கு முன் நர்ஸ் வரிசையாகப் பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார், எப்போது சாப்பிட்டார், ஒன்றுக்கு, வெளிக்குப் போனாரா, தூங்கினாரா, எங்காவது வலிக்கிறதா. வாயால் கேட்பதோடு விடாமல் சார்ட்டைப் பார்த்து, கையை வைத்துப் பார்க்க வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் வேண்டும் என்றால் அதுதான் கிரேவிங். அதற்குரிய மருந்து, அதற்குரிய கவுன்சலிங். ஒன்றுக்குப் போனால் குடிநோய் தீரும் என்று நான் எந்தக் காலத்திலும் சொல்லவில்லை. டாக்டர்தான் கிண்டலுக்குச் சொன்னார்.

மயில்சாமிக்கு அகிலா தினமும் இரண்டு வேளை பாடம் நடத்தினாள். சாப்பிடுவதற்கு முன் வயிற்றில் கையை வைத்து என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் முழுக்க "ஒன்னும் தெரியலீங்க". பாடம் தொடங்கி ஒன்பதாம் நாள், "உள்ள என்னமோ இழுக்கற மாதிரி இருக்குதுங்க" என்றார். அதுதான் பசி என்று சொன்னோம். "இதுங்களா?" என்று அதிசயமாகக் கேட்டார். நாற்பத்திரண்டு வயது மனிதருக்குப் பசியை அறிமுகம் செய்துவைத்தோம்.

கோர்ஸை முடித்தார். சர்டிஃபிகேட் வாங்கினார். வேலையில் சேர்ந்தார். நாலாம் மாதம் ஒரு கல்யாணத்தில் குடித்தார். மறுநாள் காலையில் தானே பஸ் ஏறி வந்து சொன்னார். இதையும் எழுதத்தான் வேண்டும். ஒரே அடியில் திருந்தினார் என்று எழுதினால் அது பொய்.

அந்தத் தாளைப் பெரிய டாக்டர் பிறகு ஒரு டாக்டர்கள் கூட்டத்தில் காட்டினாராம். தாளின் தலைப்பில் அவர் பெயர் மட்டும் இருந்ததாம். அகிலா அழுதாள். அழாதே கண்ணு, தாள் வேலை செய்கிறதா பார் என்றேன். வெளியே அப்படிச் சொன்னேன். உள்ளே எனக்குப் பற்றி எரிந்தது. இப்போதும் எரிகிறது.

இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். பேஷண்ட் மரியாதைக்குச் சொல்லும் பதிலை மருத்துவக் குறிப்பாக எழுதாதீர்கள். ‘நல்லா இருக்கேனுங்க’ என்பது வணக்கம் மாதிரி. அதற்கு அர்த்தம் கிடையாது. கையை வைத்துப் பாருங்கள். அதற்கு முன் நீங்கள் ஒன்றுக்குப் போய்விட்டு வாருங்கள்.

நான் ரிட்டையர் ஆவதற்குச் சில நாள் முன்பு, அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் மயில்சாமி வந்தார். வேலை உடையிலேயே வந்திருந்தார். சட்டையில் மணல் தூள். பழக்க தோஷம், நானே அதைத்தான் கேட்டேன்.

"நல்லா இருக்கீங்களா மயில்சாமி?"

"சித்த இருங்க சிஸ்டர். பாத்துச் சொல்றேன்."

நாற்காலியில் உட்கார்ந்து, நெஞ்சில் ஒரு கையும் வயிற்றில் ஒரு கையும் வைத்துக் கண்ணை மூடினார். நான் காத்திருந்தேன்.

"நேத்துல இருந்து நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க. கை நடுங்குது. வாயி காஞ்சுபோகுது. முன்னயா இருந்தா நேரா கடைக்குத்தான் போயிருப்பேன். நின்னு ஒவ்வொன்னாப் பாத்தேனுங்க. தண்ணி குடிச்சேன். சாப்ட்டேன். ஒன்னுக்குப் போனேன். நல்லாத் தூங்கினேன். எல்லாம் செஞ்சுபோட்டேன், அப்பவும் அடிக்குது. காத்தால பஸ்ல வாரப்பத்தான் பிடிபட்டுச்சு. இது கோவமுங்க சிஸ்டர்."

"யார் மேல?"

"மெட்டல் ஊத்தறப்ப ஒன்னுக்குப் போவக் கூடாதுன்னு சொன்ன சூப்பர்வைசர் மேலீங்க. இன்னும் அப்படித்தான் சொல்றானுங்க." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "உங்க மேலயும்தானுங்க. ரெண்டு வாட்டி வந்து படுத்திருந்தனே, நல்லா இருக்கேன்னு சொன்னத நம்பி உட்டுட்டீங்களேங்க."

கோபத்தைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் சொன்னார். ஆனால் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் ஒரு பேஷண்ட் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் நிஜமான பதில் அது. மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லைங்க என்று அவர் சொல்லவில்லை. அதற்காக அவரை இன்னும் மதிக்கிறேன்.

ஃபைலை எடுத்துவரச் சொன்னேன். ‘கம்ப்ளெயின்ட்ஸ்’ என்ற கட்டத்தில், ‘கோபம். எங்கள் மேலும். நியாயமான கோபம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.